துண்டு போடுகிறவன்

ஏனோக்கின் கையில் இருந்த டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. யாராவது குடி என்று சொன்னால்தான் இப்போதெல்லாம் குடிப்பான். பியாட்ரிஸ் பள்ளிக்கூடச் சீருடை ஒன்றின் காலரைத் தைத்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் தம்பி கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தான். டம்ளரைப் பிடித்த விரல்கள் மட்டும் மெல்ல நடுங்கின. கீழுதட்டிலிருந்து எச்சில் இறங்கிச் சட்டையை நனைத்திருந்தது. அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து ஒரு துண்டால் துடைத்தாள். "குடிடா ஏனோக்கு" என்றாள். குடித்தான். போதும் என்று அவள் சொல்லாததால் காலி டம்ளரையும் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

டீ கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டு லதா வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எவ்ளோ நல்லா கீறான் பாருக்கா. சத்தமே இல்ல. உங்க சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள்.

பியாட்ரிஸ் தம்பியின் வாயிலிருந்து டம்ளரை மெல்ல எடுத்தாள். லதா கெட்டவள் இல்லை. அம்மா இறந்த வருஷத்திலிருந்து ஒரு சாயங்காலம் தவறாமல் ஏனோக்குக்கு டீயும் வர்க்கியும் கொண்டுவந்து கொடுப்பவள் அவள்தான். சொந்தக்காரர்கள் செய்யாததைச் செய்தவள். அவள் சந்தோஷப்படும்போது முகத்துக்கு நேராக என்ன சொல்வது?

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய மாரிகுப்பத்து லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தைவிட அருமையான பொருள் வேறில்லை. சுரங்கம் மூடிய பிறகு பிழைப்பெல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டது. விடியும் முன்பே ரயில் ஏறிப் போகிறவர்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். ரயில் புறப்படும் இடமே மாரிகுப்பம்தான் என்றாலும் கொஞ்சம் பிந்தினால் இடம் கிடைக்காது. பெங்களூர் வரை நின்றுகொண்டே போக வேண்டியதுதான். அதற்குத்தான் ஏனோக் இருந்தான். பிறவியிலேயே புத்தி மெதுவாக வளர்ந்தவன். எழுதப் படிக்க வராது, விரல்களுக்கு மேல் எண்ண வராது. ஆனால் எந்தத் துணி யாருடையது, யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், யாருக்கு ஜன்னல் காற்று ஆகாது என்பதெல்லாம் தெரியும். சாயங்காலமே வீடு வீடாகப் போய்த் துண்டுகளையும் கைக்குட்டைகளையும் வாங்கி வந்து மடித்து வைத்துக்கொள்வான். எல்லோரும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷனுக்குப் போய், இருட்டுப் பெட்டியில் ஏறி, ஒவ்வொன்றாக விரித்து, மூலைகளை நீவிவிட்டு, நடுவில் நின்றுகொள்வான். வெளியாள் யாராவது வந்தால் "ஆள் வருது" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் அந்த நிற்பைத் தாண்டி யாரும் உட்கார்ந்ததில்லை. அவரவர் வந்து உட்கார்ந்ததும் இறங்கி, வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு மறையும்வரை பிளாட்பாரத்தில் நிற்பான். டீயும் பன்னும் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து வாங்கிக் கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்குப் பெட்டியில் வாழைக்கன்றும் மாலையும் கட்டுகிற அன்று அவனுக்கு ஒரு புதுச்சட்டை உண்டு. கிறிஸ்துமஸுக்கு அவன் சபைக்குப் போட்டுவருவது அந்தச் சட்டைதான்.

போன மழைக்காலத்தில் அது மாறியது. கையில் கொடுத்த பன்னைப் பிய்த்துப் பார்த்து "உள்ள ஊசி கீது" என்றான். விரித்த துண்டுகளைத் தானே அள்ளிக்கொண்டு அழுதான். ராத்திரிகளில் சுவரோடு வாயை வைத்து யாருக்கோ பதில் சொன்னான், காதில் அடித்துக்கொண்டான். சின்ன வயதில் பாம்பைக்கூடக் கையால் எடுத்தவன், கொடியில் காய்கிற துணி அசைந்தால் நடுங்கினான். இது புதிது என்று பியாட்ரிஸ் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவன் எப்போதும் அப்படித்தானே என்றார்கள். மெதுவான மனசுக்கும் தனியாக ஒரு நோய் வரலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் புத்தி மெதுவானவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இது மனநோய், எங்களால் ஆகாது என்றார்கள். மனநோய் டாக்டரிடம் போனபோது, பிறவிக் கோளாறு, இதில் நான் என்ன பார்ப்பது என்றார் அவர். சபை ஐயர் உபவாசமிருந்து ஜெபித்தார். ஒரு விடியற்காலையில் ஏனோக், தன்னோடு சின்ன வயதில் கோலி விளையாடிய தாமோதரனை, லதாவின் கணவனை, "அங்க ஒக்காராத, ஒக்காராத" என்று கதறிக்கொண்டே பெட்டியிலிருந்து இழுத்துப் போட்டான். தாமோதரன் பிளாட்பாரத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

அந்த வாரமே அதே மனநோய் டாக்டர், ஏனோக்கை உட்காரக்கூடச் சொல்லாமல், மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்தடுத்துப் போனபோது கூட்டினார். சத்தம் நின்றது. சத்தத்தோடு சேர்ந்து மற்றதும் நின்றது. ராத்திரி ஜெபம் முடியும்போது ஏனோக் உரக்க "ஆமென்" சொல்வது வழக்கம், ஜெபத்தில் அவன் பங்கு அது ஒன்றுதான். இப்போது பியாட்ரிஸ் ஜெபத்தை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு அதையும் தானே சொல்லிக்கொள்வாள்.

மரியா இல்லாவிட்டால் அது அப்படியேதான் போயிருக்கும். மரியா அதே சபை, அதே ரயில். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் ஏனோக்கின் கையைப் பிடித்து முழங்கையில் மடக்கிப் பார்த்தாள். துருப்பிடித்த கதவுபோல விட்டுவிட்டு மடங்கியது.

"அக்கா, இது சொகம் இல்ல. இவருக்கு மருந்து தாங்கல" என்றாள்.

இவருக்கு என்றாள். பியாட்ரிஸ் அதைக் கவனித்தாள்.

மரியா ஏற்பாடு செய்து கொடுத்த டாக்டர் நடுவயதுப் பெண். பிறவிக் குறைபாட்டோடு மனநோயும் சேர்ந்தவர்களையே பார்க்கிறவர். அவர் பியாட்ரிஸைக் கேட்காமல் ஏனோக்கைப் பார்த்து, "என்ன வேலை பண்றீங்க ஏனோக்?" என்றார். பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே அடுத்தடுத்த பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவில்லை. வெகு நேரம் கழித்து ஏனோக் கையை நீட்டி, அக்காவின் மடியில் எச்சில் துடைக்க வைத்திருந்த துண்டை எடுத்தான். பக்கத்துக் காலி நாற்காலியில் விரித்தான். நடுங்கும் விரல்களால் நான்கு மூலைகளையும் நீவினான். "ஆள் வருது" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்திருந்துவிட்டுத்தான் பேசினார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றலாம், நடுவில் சில வாரம் தூக்கம் கெடும், சத்தம் வரும், சுற்றி இருக்கிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மருந்து பாதிதான், அவருடைய வேலையை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள், அது மீதிப் பாதி என்றும் சொன்னார்.

பியாட்ரிஸ் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றாள். தாமோதரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாவுக்கட்டை அவிழ்த்த பிறகும் மணிக்கட்டு சரியாகவில்லை. இடது கையால்தான் சாப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்க்கா" என்றான். அதுவே போதுமென்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குறைக்கக் குறைக்க ஏனோக் தூரத்திலிருந்து நடந்து வருகிறவன்போல வந்தான். சொல்லாமலே டீ குடித்தான். வர்க்கியில் ஒரு பாதியை அக்காவுக்கு நீட்டினான். ஒரு ஜெபத்தின் முடிவில் அவள் வழக்கம்போலக் காத்திருந்துவிட்டு வாயெடுக்கும்போது, மங்கலாக, "ஆமென்" என்று கேட்டது. அவள் வெகு நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் ராத்திரிகள் கெட்டன. எழுந்து நடந்தான். சுவரில் தட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும், யாரோ பெருமூச்சு விடுவார்கள். காலையில் லதாவின் கண்கள் சிவந்திருக்கும். ஆனாலும் சாயங்காலம் டீ வந்தது. இந்த மனசுக்காகவே இவர்களை ஆசீர்வதியும் என்று பியாட்ரிஸ் ஜெபித்தாள்.

பிறகு அவன் மறுபடி திரும்பிப் போகத் தொடங்கினான். முழங்கை இறுகியது. எச்சில் இறங்கியது. ஆமென் நின்றது. சுவரும் அமைதியானது. மாத்திரையைக் குறைத்த பின்னும் ஏன் இப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆண்டவர் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார் என்று முதல் தடவையாக மனசுக்குள் கோபித்தாள். மரியாவிடம் கேட்கலாமென்று இருந்த சாயங்காலம், ஏனோக் டீயைக் கொஞ்சம் மிச்சம் வைத்தான். வீணாக்குவானேன் என்று அவள் அதை வாயில் ஊற்றிக்கொண்டாள். நாக்கில் மாவுபோல நறநறத்தது. கசந்தது. அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவன் மாத்திரையைத் துப்பியபோது அவளே அதை நசுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

லதா பின்பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் அவள் எதிரே போய் நின்றாள். டம்ளரைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். லதா அதைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

"அரை மாத்திரதான்க்கா. முழுசு இல்ல. பழைய சீட்டு என்கிட்டதான கீது, நீதான என்னிய மருந்துக்கடைக்கு அனுப்பிச்ச." கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "அவரு ரயில்ல நின்னுகினே தூங்கறாரு. வேல எடத்துல கூப்ட்டு சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ண? கெட்டதுக்குச் செய்வனாக்கா நானு? அதுவும் நிம்மதியா கீது, நாமளும் நிம்மதியா கீறோம்னுதான்."

"நின்னுகினு ஏன் போறாரு லதா?" என்றாள் பியாட்ரிஸ். "இத்தினி வருசம் அவருக்கு யாரு துண்டு போட்டது? விடிகாலைல நீங்கல்லாம் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு எழுந்து போனது யாரு?"

லதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. பியாட்ரிஸுக்கு அவள் தோளைத் தொட வேண்டும் என்று இருந்தது. கை எழவில்லை. அன்று ராத்திரி ஜெபத்தில் மற்றவர்களை மன்னிப்பதாக வருகிற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அதைத் தாண்டி மீதியைச் சொன்னாள். தாண்டிச் சொன்னதை ஆண்டவர் கவனித்திருப்பார் என்றும் அவளுக்குத் தெரியும்.

டீ நின்றது. அது ஏனோக்குக்கு விளங்கவில்லை. சாயங்காலமானால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பியாட்ரிஸ் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மறுபடி வாசலைப் பார்ப்பான்.

வாரங்கள் போயின. உடம்பு இளகிக்கொண்டு வந்தது. ராத்திரிகள் முன்னளவுக்குக் கெடவில்லை. ஒரு சாயங்காலம் அவன் தானாகவே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு லைனில் வீடு வீடாகப் போய்க் கையை நீட்டினான். யாரும் விரட்டவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னார்கள். "வேணாம் ஏனோக்கு, நாங்களே பாத்துக்கறோம்." "ஒடம்பப் பாரு ராஜா." ஒருத்தர் அந்தக் கையில் சாக்லேட் வைத்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போன பியாட்ரிஸ் ஒவ்வொரு வாசலிலும் தலை குனிந்து நின்றாள். கடைசியில் மரியா தன் மஞ்சள் கைக்குட்டையைக் கொடுத்து, "ஜன்னலோரம் வேணும், மறந்துடாதீங்க" என்றாள்.

விடியற்காலையில் பியாட்ரிஸ் அவனோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து குளிர்காற்று மணலைக் கொண்டுவந்து கண்ணில் அடித்தது. அவன் பெட்டியில் ஏறினான். அவள் பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரே ஒரு கைக்குட்டையை ஜன்னலோர இடத்தில் விரித்து, மூலைகளை நீவி, எதிரே நின்றுகொண்டான். ஆட்கள் ஏறினார்கள். தெரிந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். மரியா வந்து அவனிடம் நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவன் இறங்கவில்லை. மரியாவுக்குப் பக்கத்து இடத்தை மறித்துக்கொண்டு நின்றான். அதில் துணி எதுவும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் உட்காரப் பார்த்தார். "ஆள் வருது" என்றான் ஏனோக். எங்கே ஆள், துண்டுகூட இல்லையே என்று அவர் சத்தம் போட்டார். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள், வருஷக்கணக்கில் அவன் பிடித்துக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து போனவர்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள்.

தாமோதரன் கடைசியாக ஓடிவந்து ஏறினான். ஜன்னலுக்கு வெளியே நின்ற பியாட்ரிஸை ஒரு தடவை பார்த்தான். அந்த டீயைப் பற்றி அவனுக்குத் தெரியுமா என்று அவள் இதுவரை யாரையும் கேட்கவில்லை. நல்ல கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டான். கழுத்தில், முன்பெல்லாம் ஏனோக் அவனுக்காக விரித்து வைக்கிற சிவப்புக் கட்டம் போட்ட துண்டு இருந்தது.

ஏனோக் அதைப் பார்த்தான். இன்னும் முழுதாக நீளாத கையை அவனை நோக்கி நீட்டினான்.

வண்டி ஊதியது. தம்பியை இறங்கச் சொல்லிக் கூப்பிட வேண்டிய நேரம் அது. பியாட்ரிஸ் கூப்பிடவில்லை. பெட்டிக்குள், மங்கலான விளக்கின் கீழ், விரல்கள் நடுங்க, உள்ளங்கை மேலே பார்த்தபடி, அந்தக் கை தாமோதரனின் துண்டுக்காகக் காத்திருந்தது.