அடுத்த ஆறு பேர்

எலும்பால் செய்த முடியை அணிந்திருந்த ராஜா ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் செத்துப்போனான். எட்டு மாதமாக அவனைத் தேடி அலைந்த ஆறு பேரும் ஆயுதங்களைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிப் போனார்கள். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"முடிஞ்சிட்டா?" என்றாள் பஸ்மிலா.

"முடிஞ்சி."

"இனி?"

மசூர் மவுஸை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். பெருநாள் கழிந்த மறுநாள் போல வீடு வெறிச்சென்று கிடந்தது.

மசூர் சாய்ந்தமருதில் தோணி எஞ்சின் திருத்துகிறவன். கொம்பியூட்டர் அவன் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஊரூராகக் கிணறு வெட்டிக் குழாய் போட்டு, வேலை முடிந்ததும் கந்தோரை மூடிச் சாமான்களை விற்றது. மசூர் ஜெனரேட்டர் ஒன்றை நினைத்துப் போனான். அவன் போவதற்குள் அதை வேறு யாரோ தூக்கிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கொம்பியூட்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குள் 'குடிநீர்த் திட்டம் 3' என்று ஒரு கோப்புறை இருந்தது. திறந்தால் குடிநீரும் இல்லை, திட்டமும் இல்லை. வாளும் கேடயமும் வில்லுமாக ஆறு பேர் நின்றார்கள். கந்தோரில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மேலதிகாரியின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த விளையாட்டு அது. கட்டம் கட்டமான தரையில் ஆறு பேரையும் நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவராக நகர்த்த வேண்டும். நம்முடைய முறை வந்தால் எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். எதிரி பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பான்.

மசூர் முதலாவது குகையிலேயே பத்து நாள் செத்தான். பதினோராம் நாள், துவைத்த உடுப்புக் கூடையோடு பின்னால் போன பஸ்மிலா நின்றாள்.

"மருந்து குடுக்கிற பொம்புளய ஏன் முன்னுக்கு உட்டிருக்கீங்க? அவ செத்தா மத்தவங்களுக்கு ஆரு மருந்து குடுக்கிற?"

மசூர் மருந்துக்காரியைப் பின்னால் இழுத்தான். குகையைத் தாண்டினான். அன்றிலிருந்து பஸ்மிலாவின் கதிரை அவன் கதிரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மவுஸ் அவன் கையில், யோசனை அவள் தலையில். அவள் நேசரி டீச்சர். முப்பது பிள்ளைகளில் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் அழுகை வரும், யாரை வாசலுக்குக் கிட்ட வைத்தால் ஓடிப்போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆறு பேரைச் சமாளிப்பது பெரிய வேலையாகப் படவில்லை.

கேடயக்காரிக்கு அவள் சித்தி லைலா என்று பெயர் வைத்தாள். அது மசூருடைய தாயின் முழுப்பெயர்.

"ஏன் புள்ள உம்மாட பேர வெச்சிரிக்காய்?"

"அவவ ஆராலயும் தள்ளி உழுத்த ஏலா."

மசூரால் மறுக்க முடியவில்லை. உம்மாவிடம் சொல்லவும் இல்லை.

ராஜா செத்த அடுத்த நாளே மசூர் இன்டர்நெட் கடைக்குப் போனான். விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு பக்கத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "இதை முடித்துவிட்டேன், அடுத்து எதை விளையாடலாம்?" என்று கேட்டான். மூன்று நாளில் பத்தொன்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் பதினைந்து பேர் மசூரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். மிச்ச நாலு பேர் சொன்னவற்றில் ஒன்றை இறக்கிப் பார்க்கலாமா என்று கடைக்காரரைக் கேட்டான். அவர் கணக்குப் பார்த்து, கரண்ட் நிற்காமல் இருந்தால் பதினொரு நாள் ஆகும் என்றார்.

பிறகு அங்குமிங்கும் விசாரித்து விளையாட்டு இறுவட்டுகள் வாங்கினான். ஒன்றின் உறையில் வாளோடு ஒருவன் நின்றான், உள்ளே கார் ஓட்டம் இருந்தது. இன்னொன்றில் உண்மையாகவே வாள்காரர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள், கத்தினார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"நிண்டு யோசிக்க உடுதில்லயே," என்று பஸ்மிலா எழும்பிவிட்டாள். "இதப் பாக்கிறதுக்கு எனக்கு நேசரி காணும்."

கடைசியில் இருவருமாகக் கல்முனை பஸாரில் ஷரிபுதீன் நானாவின் சீடி கடைக்குப் போனார்கள். ஷரிபுதீன் நானா கல்லாவுக்குப் பின்னாலிருந்து, மசூர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கட்டம் போட்ட தரை, ஆறு பேர், எலும்பு முடி ராஜா என்று சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

"அந்த ராசாவ நீ அடிச்சுக் கொண்டிட்டியா?"

"ஓம் நானா."

"தனியாவா?"

மசூர் பஸ்மிலாவைப் பார்க்கவில்லை. "தனியாத்தான்," என்றான்.

அந்த ஒரு சொல் ஏன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. கடையில் இன்னும் நாலைந்து ஆம்பிளைகள் நின்றார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஷரிபுதீன் நானா உடனே டெலிபோனை எடுத்தார். ஆலையடிவேம்பில் ஜீவராஜ் என்று ஒரு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், கொழும்புக்குப் போகும்போதெல்லாம் இந்த மாதிரிப் பழைய விளையாட்டாகத் தேடி வாங்குகிறவர், அந்த ராஜாவிடம் இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறவர் என்று, எண்ணை அமுக்கிக்கொண்டே சொன்னார்.

"சேர், உங்கட ராசாவக் கொண்ட ஆள் இஞ்ச நிக்கிறார். தனியாக் கொண்டிரிக்கார்!"

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி மறுபக்கத்திலிருந்து உத்தரவு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்மிலா ரோட்டோரக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது மசூர்தான் தொடங்கினான்.

"சும்மா வாயில வந்திட்டு புள்ள."

"நான் ஒண்டும் கேக்கல்லயே."

"அந்தாளுக்கிட்ட உண்மையச் சொல்லிருவமா?"

"நீங்கதானே சொன்னீங்க. நீங்களே பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு அவள் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ரோட்டு நீண்டது. யுத்தம் முடிந்து ஆறேழு மாதம்தான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மட்டும் ஆமிக்காரன் நின்றான். அவன் இறங்கச் சொல்லவில்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். யுத்த காலத்தில் சாவடிகளில் இறங்கி நடந்தே பழகியிருந்த பஸ்மிலா அதற்குள் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். மசூர் அது தெரியாமல் எடுக்கப் பார்த்து, இருவரும் விழப்போனார்கள். ஆமிக்காரன் சிரித்தான். கொஞ்சத் தூரம் போன பிறகு அவர்களுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு பஸ்மிலா சிரித்தது மசூருக்குப் பெரிய ஆறுதல்.

அக்கரைப்பற்றைத் தொட்டு ஆலையடிவேம்பு. ஜீவராஜ் கேற்றடியிலேயே குடையோடு நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த மனிதர்.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. பாதை பிடிபட்டுதா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் மசூரின் தோளைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனார். அவருடைய மனைவி வினோஜா பஸ்மிலாவைக் குசினிப் பக்கம் கூட்டிப்போனாள்.

அறையில் கொம்பியூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எலும்பு முடி ராஜா தன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். வாசலில் ஜீவராஜின் ஆறு பேர். நாலு வாள்காரர், ஒரு மருந்துக்காரி, கடைசியில் ஒரு கள்ளன்.

"இதில இருந்துதான் எனக்கு ஏலாமக் கிடக்கு," என்று ஜீவராஜ் கதிரையை இழுத்துப் போட்டார். "காட்டுங்க பாப்பம். நான் கதைக்க மாட்டன்."

மசூர் உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்தான். பஸ்மிலா என்ன செய்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். அவள் சொல்லச் சொல்ல அமுக்கியது கைக்குத் தெரியும், ஏன் அமுக்கினோம் என்பது தெரியாது. நாலு வாள்காரரையும் நேரே ராஜாவிடம் அனுப்பினான். பக்கக் கதவுகள் திறந்தன. எலும்புக் காவல்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள், அடுத்த முறைக்கு இன்னும் எட்டுப் பேர். 'டோங்' என்று பெரிய மணிச் சத்தம். ஆறு பேரும் காலி.

"இது உங்கட வீட்டுக் கொம்பியூட்டர் இல்லத்தானே, கை பழக வேணும்," என்றார் ஜீவராஜ், அன்பாக.

இரண்டாவது தரம் இன்னும் சீக்கிரமாக டோங்.

குசினியில் வினோஜா எருமைத் தயிரில் சீனி போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். மருதமுனைச் சாரியைப் பற்றி ஏதோ கேட்டாள். பஸ்மிலாவுக்கு அந்த மணிச் சத்தம் எதற்கு என்று தெரியும். முதலாவது சத்தத்துக்குக் கரண்டியை வைத்தாள். இரண்டாவது சத்தத்துக்கு, "நல்ல சாரிதான்," என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். மூன்றாவது தடவை மணி அடித்தபோது அவள் தயிர்க் கோப்பையோடு அறை வாசலில் நின்றாள்.

மசூர் நாலாவது தரம் தொடங்கியிருந்தான். வாள்காரர்கள் மறுபடியும் நேரே நடந்தார்கள்.

"அல்லாவே, கதவப் பூட்டுங்களேன்!"

ஜீவராஜ் திரும்பிப் பார்த்தார். பஸ்மிலா கையால் வாயைப் பொத்தினாள்.

மசூருக்குக் காது சுட்டது. சமாளிக்க இன்னும் வழி இருந்தது. இவவும் கொஞ்சம் பார்த்துப் பழகியிரிக்கா என்று சொல்லியிருக்கலாம். தலையிடி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவன் பஸ்மிலாவின் முகத்தைப் பார்த்தான். அதில் கோபமில்லை, அவனுக்காகப் பயந்த முகமாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கதிரையை விட்டு எழும்பினான்.

"சேர், ராசாவக் கொண்டது நான் இல்ல. நான் மவுஸ் அமுக்கின ஆள். கொண்டது இவதான், நேசரி டீச்சர். கடையில வெச்சுப் பொய் சொல்லிட்டன்." பிறகு அவளிடம், "வா புள்ள, இரி," என்றான்.

ஜீவராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஸ்மிலாவின் கையிலிருந்த தயிர்க் கோப்பையை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்தார்.

"இருங்க டீச்சர்," என்றார்.

பஸ்மிலாவுக்கு மவுஸ் அவ்வளவு வசப்படவில்லை. "நீங்க அமுக்குங்க," என்று மசூரிடம் திருப்பிக் கொடுத்தாள். ஜீவராஜின் கள்ளனைக் காட்டி, "இவர் ஏன் சேர் சும்மா நிக்கிறார்?" என்று கேட்டாள்.

"பூட்டுத் திறக்க மட்டுந்தானே அவன்."

"திறக்கத் தெரிஞ்சவருக்குப் பூட்டவும் தெரியும்."

கள்ளன் சுவரோரமாக ஊர்ந்துபோய் இடப்பக்கக் கதவைப் பூட்டினான். வலப்பக்கத்துக்குப் போவதற்குள் அடிபட்டு விழுந்தான். டோங். பஸ்மிலா முகம் மாறவில்லை. மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தரம் ஒரு வாள்காரனைக் கள்ளனுக்குத் துணையாக அனுப்பினாள். இரண்டு கதவும் பூட்டுப்பட்டன. பிறகு எல்லாரையும் பின்னுக்கு எடுத்து, ஒடுங்கிய வாசலில் இருவர் இருவராக நிறுத்தினாள். துணைக்கு ஆளில்லாத ராஜா தனியாக எழும்பி வரவேண்டியதாயிற்று.

அவன் விழுந்தபோது ஜீவராஜ் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "ரெண்டு வருசம்! ரெண்டு வருசமாக் கதவு பூட்டாம இருந்திருக்கன் வினோஜா!" என்று கத்தினார். என்னவோ ஏதோவென்று வந்த வினோஜா திரையைப் பார்த்துவிட்டு, "இனியாவது வயல் பக்கம் போவாரா?" என்று பஸ்மிலாவிடம் கேட்டாள்.

பால் கலக்காத பிளேன்டி வந்தது. ஜீவராஜ் அலுமாரியிலிருந்து தன் இறுவட்டுகளை எடுத்து, கட்டில் முழுக்கப் பரப்பினார். இப்போது அவர் கதைத்ததெல்லாம் பஸ்மிலாவோடுதான். எத்தனை பேரைக் கொண்டுபோகலாம், பெயர் நாமே வைக்கலாமா, நின்று யோசிக்க விடுமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது நல்லம். இருபது பேர், கூலிப் படை. துவக்கால சுடுற சண்டை. மிச்சம் நுணுக்கமான விளையாட்டு."

"துவக்கு வேணா சேர். யுத்தத்தில கண்டது காணும்."

ஜீவராஜ் அதைத் திருப்பி உறைக்குள் போட்டார். அடுத்ததை எடுத்தார். பாலைவனம், ஒரு வண்டி, ஆறு வழிப்போக்கர். ஊரூராகப் போய்த் தண்ணீர் ஊற்றுகளைக் காவல் காக்கும் பூதங்களோடு மோத வேண்டும். இதை அவரே பாதிதான் முடித்திருந்தார்.

"இது," என்றாள் பஸ்மிலா.

அந்த இறுவட்டைச் சொப்பிங் பேக் இரண்டில் சுற்றி, மழை படாமல் அவளுடைய மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அன்று பின்னேரமே கல்முனைக்கும் போய், ஷரிபுதீன் நானாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தான் மசூர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மசூர் எதிர்பார்த்ததைவிட அது லேசாகத்தான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, எஞ்சின் ஒன்றைப் பிரித்துப்போட்டு, முழங்கை வரை கிறீஸோடு நின்றபோது மசூரின் போன் அடித்தது.

"தம்பி, டீச்சர் நிக்கிறாவா?" ஜீவராஜின் குரல்.

"சொல்லுங்க சேர், நான் அவக்கிட்டச் சொல்றன்."

"இல்லத் தம்பி, குறை நினைக்காதீங்க. ராசாவுக்குப் பிறகு நான் வேற ஒண்டு துவங்கியிருக்கன். ஒரு பாலத்தில மாட்டிக்கிட்டன். நீங்க சொல்லி நான் செஞ்சா ரெண்டு பேரும் சேந்துதான் சாவம்."

மசூர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் போனைப் பிடித்தபடி குசினிக்குப் போனான். பஸ்மிலா அடுப்பைக் குறைத்துவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஓம் சேர். பாலத்துக்கு அங்கால எத்தின பேர்? வில்லுக்காரர் இரிக்காங்களா? பொறுங்க, பொறுங்க, ஒண்டொண்டாச் சொல்லுங்க."

அவள் மசூரைப் பார்த்து, காற்றில் எழுதுவது போலக் கையைக் காட்டினாள். அவன் கிறீஸ் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, சுவரிலிருந்த கலண்டரில் முடிந்த மாதத்தைக் கிழித்து மேசையில் போட்டு, அதன் பின்பக்கத்தில் கட்டம் கீறத் தொடங்கினான்.