மூன்று கை உப்பு

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. பசியோடு வந்தவங்க முன்னாடி உட்காருங்க. இது காய் சுட்ட கதை; தள்ளி உட்கார்ந்தால் வாசனை வராது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியான வருஷம் அது. திருத்தணி மலையடியில் சுந்தரமூர்த்தி என்று ஒரு குடியானவன் இருந்தான். நல்ல மனுஷன். ஆனால் எங்கே போனாலும் ஆளுக்கு முன்னாடி வயிறு போய்ச் சேர்ந்துவிடும். மகள் சுலோச்சனாவுக்கு அம்மை வார்த்திருந்தபோது, "ஆடிக் கிருத்திகைக்கு என் தோள்ல காவடி எடுத்துப் படியேறி வரேன் முருகா" என்று வேண்டிக்கொண்டான். வேண்டுவது சுலபம். ஏறிப் பார்க்கலாம் என்று ஒருநாள் போனவன் அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பிக் கூட்டிவர ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.

வைத்தியர் பக்தவச்சலம் நாடி பிடித்துப் பார்த்தார். "எண்ணெயில பொரிச்சதை இன்னியோட விட்டுடு. இல்லேன்னா காவடி மட்டும்தான் மலையேறும், நீ கீழயே நின்னு பார்த்துகினு இருக்கணும்."

அவன் பெண்சாதி தேவகி யோசித்தாள். நெல் அவித்த அடுப்பின் உமித் தணலில் கத்திரிக்காய், வாழைக்காய், சேப்பங்கிழங்கு எல்லாம் புதைத்துச் சுட்டாள். கொத்தமல்லி, மிளகு, சீரகம், ரெண்டு காய்ந்த மிளகாய் இவற்றை வெறும் சட்டியில் வறுத்து இடித்தாள்.

"சாம்பல்ல கெடக்கறதைத் தின்ன நான் இன்னா சுடுகாட்டுப் பேயா?" என்றான் சுந்தரமூர்த்தி.

"வர்ற வைகாசிக் கிருத்திகை அன்னிக்கு வைத்தியரையும் சாப்பிடக் கூப்பிடறேன். அவர் எதிர்ல ஒரு வாய் வையுங்க. தின்ன முடியலேன்னா மறுநாளே எண்ணெய்ச் சட்டியை அடுப்புல ஏத்தறேன்."

"ஆங்! இது பேச்சு."

வைகாசிக் கிருத்திகையும் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கு வைத்துச் சாமிக்குப் படைக்கும்வரை யாரும் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. சமைக்கிறவளும் ருசி பார்க்க மாட்டாள். தேவகி காயை உரித்துப் பொடி தூவி, கைக்கணக்காக உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

அடுத்து வந்தாள் சுந்தரமூர்த்தியின் அக்கா கன்னியம்மாள். 'தணலோட மல்லாடினவ உப்பை எங்க நெனைச்சிருப்பா, பாவம்' என்று ஒரு பிடி போட்டுக் கிளறினாள்.

அவள் போனதும் சுந்தரமூர்த்தி பூனை மாதிரி வந்தான். தின்ன முடியாமல் போனால்தானே எண்ணெய்ச் சட்டி ஏறும்? பெரிய கையால் பெரிய பிடி ஒன்று அள்ளிப் போட்டான். கரிபிடித்த சட்டியைப் பிடித்துக் கிளறிவிட்டு, கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே நழுவினான்.

விளக்கு வைத்தார்கள். முதலில் முருகனுக்குப் படைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வைத்தியர் ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் வந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, "இதைத் தணல்ல சுட்டியா, சமுத்திரத்துல சுட்டியா தாயே?" என்றார்.

"பார்த்தீங்களா! எவனாலயாவது தின்ன முடியுமா?" என்றான் சுந்தரமூர்த்தி. அவன் இன்னும் இலையைத் தொடவேயில்லை.

தேவகிக்கு முகம் வாடிப்போயிற்று. "நான் அளவாத்தான் போட்டேனே!"

"நீ போட்டியா? நானும் ஒரு பிடி போட்டேனேடி!" என்று கன்னியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கை உப்பு இவ்வளவு கரிக்காதே," என்ற வைத்தியரின் பார்வை சுந்தரமூர்த்தியின் வெள்ளை வேட்டிக்குப் போயிற்று. இடுப்புப் பக்கம் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தது. "இது இன்னாப்பா?"

"விபூதிங்க. கோயிலுக்குப் போயிருந்தேன்."

"எந்தக் கோயில்ல கறுப்பு விபூதி குடுக்கறாங்க?"

கன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தேவகி சிரிக்கவில்லை. "சுலோச்சனாவுக்காக வேண்டினதுங்க அது," என்றாள், அவ்வளவுதான். அவன் தலை குனிந்தது.

மறுநாளைக்குக் களத்து ஆட்களுக்கென்று இன்னும் ஒரு கூடைக் காய் தணலிலேயே இருந்தது. தேவகி அதைக் கிளறி எடுத்து, உரித்து, உப்பில்லாமல் அந்தக் கரித்த காயோடு கொட்டிப் பிசைந்தாள். மறுபடியும் பொடி, மறுபடியும் எலுமிச்சை. வாசனை கிளம்பிற்று. பகலெல்லாம் பட்டினி கிடந்த மனுஷன் ஒரு வாய் வைத்தான். இலையை வழித்துவிட்டு மறுபடி நீட்டினான். மூன்றாம் தடவை இலையை நீட்டினபோது தேவகி கேட்டாள்:

"எண்ணெய்ச் சட்டியை ஏத்தணுமாங்க?"

"ஏத்து. பரண்ல."

ஆடிக் கிருத்திகைக்குத் தோளில் காவடி, முன்னால் சுலோச்சனா. அறுபதாவது படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டே போனான்.

உங்க வீட்டு அடுப்பில் தணல் ஆறாதிருக்கட்டும், கண்ணுங்களா. எத்தனை கை சமைத்தாலும் உப்பு ஒரு கையால் விழட்டும். பிள்ளைகளுக்காக வேண்டினதையெல்லாம் நடந்தே போய் முடிக்க, உங்க வீட்டார் காலுக்கு முருகன் பலம் கொடுக்கட்டும்.