சுறா கிடையாது

ஸ்ட்ரீக்கி பே கடற்கரையில் நெவிலைவிட முசுடான படகுக்காரனைக் காட்டுபவருக்கு என் ஓய்வூதியத்தை அப்படியே எழுதித் தருவேன். கடற்காகங்கள்கூட அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகில் உட்காரலாமா என்று முடிவு செய்யும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அந்த முகம் தினமும் இலவசம்.

கிழங்கான் மீன் பிடிக்க வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. அந்த வருடம் ஆளே வரவில்லை. கோடைக்குள் படகு நிறையாவிட்டால் அதை விற்றுவிட்டு, வயாலா நகரத்தில் இருக்கும் மச்சானின் டயர் கடைக்குப் போகவேண்டியதுதான் என்று அவன் மனைவி டார்லீன் சொல்லிவிட்டாள். ஆகவே நெவில் இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் எழுதினான்.

எழுதினான் என்பதைவிடக் கத்தினான் எனலாம். கடலில் கூண்டுக்குள் இறங்கிச் சுறா பார்க்கிற கூட்டத்தைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. 'சுறா கிடையாது. சுறாக் கூண்டு கிடையாது. சுறா பார்க்க வருகிறவர்கள் வேறு ஊருக்குப் போகவும்' என்று தலைப்பிலேயே போட்டான்.

மறுநாள் தொலைபேசி அடித்தது.

"சுறாக் கூண்டுல இறங்க எவ்ளோ ஆகும்?"

தேடுபொறிக்குக் 'கிடையாது' காதில் விழவில்லை. சுறாவை மட்டும் கவ்விக்கொண்டு உலகத்துக்கே காட்டியது.

"இன்னும் பெருசா போடுடா, அப்பத்தான் புரியும்," என்று நான் உற்சாகப்படுத்தினேன். போட்டான். அழைப்புகள் பத்து மடங்காயின. துருவப் பிரதேசத்துப் பென்குவின் தவிர எல்லோரும் கூப்பிட்டார்கள். குளிக்கப் போனாலும் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு போனான்.

"அதை அணைச்சுத் தொலையேன்," என்றேன்.

"எப்படிடா லெஸ்? எடுத்தா சுறா. எடுக்காம விட்டு, அது மீன் பிடிக்க வர்றவனா இருந்துட்டா? வீட்டை விட்டு நகர முடியல. கூண்டுல கிடக்கிறது நான்தான்டா!"

டார்லீன் பொறுத்துப் பார்த்துவிட்டு, படகுத்துறையில் மீன் கழுவும் மேடைக்குப் போனாள். அங்கே கேரவனில் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். "மீன் பிடிக்கப் போகணும்னா என்னன்னு தேடுவீங்க?"

நெவில் எழுதியிருந்த ஒரு சொல்லைக்கூட யாரும் சொல்லவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், "'குழந்தைங்களோட மீன் பிடிக்க, அலை இல்லாத இடம்'னு தேடுவேன்," என்றாள். அவள் கணவன், "'பொறுமையான படகுக்காரர்'னும் சேர்த்துப்பேன். போன வாட்டி ஒருத்தன் எம் பொண்ணை அழவெச்சுட்டான்," என்றான்.

டார்லீன் சுறாவை எல்லாம் அடியோடு பிடுங்கி எறிந்தாள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே, தலைப்பில் ஒரு தரம், உள்ளே தேவையான இடத்தில் ஒரு தரம் என்று எழுதினாள். நெவில் படித்தான்.

"யாரு இந்தப் பொறுமையான படகுக்காரர்?"

"நீதான்."

"பொய் எழுதியிருக்க!"

"அதைப் பொய்யாக்கறதும் நிஜமாக்கறதும் உன் வாயில இருக்கு. வர்றவங்க இணையத்துல திட்டி எழுதினா அடுத்தவன் வரமாட்டான். படகு வேணுமா வேணாமா?"

சில நாள் தொலைபேசி மூச்சு விடவில்லை. அந்த அமைதிக்கு நெவில் சுறா அழைப்பே மேல் என்றான். பிறகு ஒரு குடும்பம் இடம் பிடித்தது. அது சொல்லி இன்னொன்றும் பிடித்தது. பள்ளி விடுமுறை முடியும்வரை படகில் இடமில்லை.

இதைப் பார்க்காமல் நான் செத்தால் என் கட்டை வேகாது என்று விடுமுறையின் முதல் நாள் காலையே துறைக்குப் போய் நின்றேன். படகில் ஒரு பள்ளிக்கூடமே ஏறியிருந்தது. ஒருத்தன் தூண்டில் கயிறு நெவிலின் தாடியில் சிக்கியிருந்தது. இன்னொருத்தி இரைக்கு உயிரோடு வைத்திருந்த கிளிஞ்சலைக் கையில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நெவில், இதைக் கொல்லக் கூடாது. இதுக்குப் பேரு வைக்கணும்."

நெவில் வாயைத் திறந்தான். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று இந்த ஊருக்கே தெரியும். கரையில் டார்லீன் கைகட்டி நின்றாள். குழந்தையின் அப்பா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நெவில் வந்த வசவை விழுங்கினான்.

"என்ன பேரு வைக்கலாம், கண்ணு?"

படகின் கயிற்றைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.