புளியந்தாங்கலுக்குச் சைபர்

இருபத்துமூன்று பெண்கள் தள்ளினால்தான் எங்கள் பஸ் கிளம்பும். பேட்டரி செத்த வண்டி, செல்ஃப் எடுக்காது. விடியற்காலை நாலரைக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பனியில் நனைந்த தகரத்தில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவார்கள். நானும் தள்ளுவேன். நான் கண்டக்டர் சக்கரபாணி. டிரைவர் கோதண்டராமன் கியரைப் போட, வண்டி இருமிக் கரும்புகை கக்கி உயிர் பிடிக்கும்.

கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் கடைசி ஊர் புளியந்தாங்கல். அரசு பஸ் ராத்திரி அங்கேதான் தங்கும். பெண்கள் எல்லாரும் திருவண்ணாமலை அரிசி மில்லில் நெல் அவித்துக் காயவைக்கிறவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், தள்ளிவிட்டு ஒருத்தியும் ஏறமாட்டாள். எஞ்சின் சூடேற அரைமணி ஓடும். அதற்குள் ஒன்றரை மைல் நடந்து ஏரிக்கோடியில் போய் நிற்பார்கள். அங்கே அடுத்த ஸ்டேஜ். டிக்கெட் பத்துப் பைசா கம்மி.

"இந்தப் பனியில ஏன் நடக்கறீங்க? ஏறிக்குங்க. ஏரிக்கோடி வந்ததும் டிக்கெட் போடறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"செக்கிங் வந்தா உன் வேலை பூடும்ணா" என்றாள் வேதா. அப்போது அவளுக்கு ஏழு மாசம். "எங்க பத்துப் பைசாவுக்கு உன் வூட்டு அடுப்பு ஏன் அணையணும்?"

நான் சிரித்தேன். புத்தி கெட்டவன், சிரித்தேன். எந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கார்பன் வைத்து எழுதும் வே-பில்லில் புளியந்தாங்கல் என்ற கட்டத்தில் தினமும் சைபர் போட்டேன்.

எண்பத்திரண்டு தை மாசம் உத்தரவு வந்தது. புளியந்தாங்கலில் ஏற ஆளில்லை. இனி வண்டி கீழ்பென்னாத்தூரில் தங்கி, விடிகாலை ஏரிக்கோடி வரைக்கும் வந்து திரும்ப வேண்டும். பெண்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஏறுவது ஏரிக்கோடியில்தானே.

மாசியில் ஒரு நாள் ஏரிக்கோடியில் ஒருத்தரும் இல்லை.

"இன்னா, ஒருத்தியையும் காணோம்?" என்றார் கோதண்டராமன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முந்தின வாரம்தான் தாமதத்துக்கு மெமோ வாங்கியிருந்தேன். இரண்டு நிமிஷம் பொறுத்துவிட்டு விசில் ஊதினேன்.

அந்த நேரம் அவர்கள் ஏரிக்கரை வளைவுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். வேதாவுக்கு வலி கண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, இருபத்திரண்டு பேரும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். என் விசில் அவர்களுக்குக் கேட்டதாம். அவர்களில் ஒருத்தி, காசியம்மாள், கையை வீசிக்கொண்டு ஓடிவந்தாளாம். அடுத்த பஸ் ஏழரைக்கு. ஏரிக்கோடி மரத்தடியில் பிறந்த ஆண் குழந்தை, அந்த பஸ் வருவதற்குள் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் வேதா மட்டும் பிழைத்தாள்.

மதிய டிரிப்பில் காசியம்மாள்தான் சொன்னாள். "நீ இன்னாணா பண்ணுவ, உனக்குத் தெரியாதே" என்றாள். திட்டியிருக்கலாம். பின்படிக்கட்டில் உட்கார்ந்து, தோளில் சில்லறைப் பை குலுங்க அழுதேன்.

ஒரு மாசம் கழித்து, பஸ்ஸை மறுபடி ஊருக்குள் விடச் சொல்லிக் கேட்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எல்லாரும் டிப்போவுக்கு வந்தார்கள். நான் காக்கிச் சட்டையோடு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.

மேனேஜர் என் வே-பில் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "பாருங்கம்மா. மாசக்கணக்கா உங்க ஊர்ல ஒருத்தர் ஏறல. சைபர். காலி வண்டிய எப்படி ஓட்டறது?"

"தினம் நாங்கதாங்க தள்ளி உட்டோம்" என்றாள் காசியம்மாள்.

"தள்ளினத எழுத அதுல எடமில்லம்மா."

"அந்த சைபர் என் கையெழுத்து சார்" என்றேன். "இவங்க நடந்து போனது எனக்குத் தெரியும். மேல சொல்லாதது என் தப்பு."

"எழுத்துல குடுப்பியா? வேலைக்கே வேட்டு."

"குடுக்கறேன் சார்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு வண்டிக்கு டயர் இல்லப்பா. பேட்டரி கேட்டு எழுதி ஒரு வருஷமாச்சு. சர்க்கார் ஒதுக்கற பணம் டீசலுக்கே காணல. நஷ்டம், நஷ்டம்னு மேலேருந்து கழுத்தப் புடிக்கறாங்க. நான் எங்க போவேன்?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த வேதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பெரியாஸ்பத்திரியில எனக்கு ஊசி போட்டாங்க. காசு கேக்கல. நஷ்டம்னு அத யாரும் மூடலியே. அங்க கொண்டுபோய்ச் சேக்கற பஸ்ஸுக்கு மட்டும் ஏங்க லாபம் பாக்கறீங்க?"

"அது என் கையில இல்லம்மா" என்றார் மேனேஜர்.

"அப்ப சர்க்காரத்தான் கேக்கணும்" என்று காசியம்மாள் என்னைப் பார்த்தாள். "கிராமத்து பஸ்ஸுக்குப் பணம் ஜாஸ்தி ஒதுக்கணும்னு எழுதுணா. எங்க ஊருக்கு மட்டும் வேணாம். பஸ் நின்னுபோன ஊருங்க அத்தனைக்கும் சேத்து எழுது."

யூனியன் ஆபீசில் உட்கார்ந்து எழுதினோம். பதினொரு ஊர் சேர்ந்தது. கையெழுத்தைவிடக் கைநாட்டே அதிகம். மனு வேலூருக்கும் மெட்ராஸுக்கும் போனது. பதில் வரவில்லை. எனக்கு மெமோ மட்டும் வந்தது.

நேற்று விடியற்காலை ஏரிக்கோடியில் மறுபடியும் ஒருத்தரும் இல்லை. விசில் ஊதாமல் படியில் நின்று ஏரிக்கரை வளைவைப் பார்த்தேன். சைக்கிளில் வந்த பால்காரர்தான் சொன்னார்: "அல்லாரும் புளியந்தாங்கல்லயே நிக்கறாங்க. பஸ் அங்க வந்தாத்தான் ஏறுவாங்களாம். கூலி போனாலும் போவட்டும்னு நிக்கறாங்க."

கோதண்டராமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சக்கரபாணி?"

விசில் ஊதினேன். வண்டி திரும்பாமல் நேராகப் போனது.

இருபத்துமூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் வேதா, கையைக் கட்டிக்கொண்டு. போய் நின்றதும் எஞ்சின் அணைந்துவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி உயிர் பிடித்தது. நேற்றுதான் முதல்தடவையாக எல்லாரும் அங்கேயே ஏறினார்கள்.

"புளியந்தாங்கல்லேருந்து ஒண்ணு குடுணா" என்று வேதா காசை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கிழித்துக் கொடுத்தேன்.

இன்னொரு மெமோ நிச்சயம். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. புளியந்தாங்கல் கட்டத்தில் இருபத்துமூன்று என்று எழுதினேன். அடியில் இருக்கும் கார்பன் காப்பியிலும் விழட்டும் என்று பேனாவை நன்றாக அழுத்தி எழுதினேன்.