நான் தின்ற ஆதாரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு இருந்த ஒரே ஆதாரம் ஒரு போஃப்ரோட்.* அதை நான் தின்றுவிட்டேன். நன்றாக இருந்தது. ஆகவே இனி வருவதையெல்லாம் நீங்கள் என் வாய்ச்சொல்லை நம்பித்தான் படிக்க வேண்டும்.

* எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை. ஆப்பிரிக்காவில், கூமாசி நகரின் எந்தத் தெருமுனையிலும் காலையில் கிடைக்கும். நம் இனிப்புப் போண்டாவுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "மனித மனம் ஓர் ஆழ்கடல். அதன் அடியில்..." வேண்டாம். இப்படி எழுதும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை.

தொடக்கம் இரண்டு: "கூமாசியில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது." [இப்படி ஒன்று இல்லை. கதைக்காக நான் கட்டியது. கூரை ஒழுகுவதும் என் கற்பனை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.]

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: அந்தப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் நான் புள்ளியியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் அகோசுவா. அம்மா வைத்த தமிழ்ப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. என் அறைக்கு இடப்பக்கம் பேராசிரியர் ந்யார்க்கோ, வலப்பக்கம் டாக்டர் டூஃபோர். மழை பெய்தால் ந்யார்க்கோ எவ்வளவு பெய்தது என்று அளப்பார். டூஃபோர் அம்மா நனைந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படி இருந்தது என்று கேட்பார். உளவியலில் கிளைகள் பல. கிளைக்கு ஒரு குருவி, குருவிக்கு ஒரு கூச்சல். நடுவில் உட்கார்ந்து இரண்டு கூச்சலையும் கூட்டி வகுத்துக் கொடுப்பது என் பிழைப்பு.

3

கதாநாயகி அஃப்ரியே. எங்கள் மூவரின் மேற்பார்வையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். சிரித்தால் நடைபாதை முழுக்கக் கேட்கும். அன்று சிரிக்கவில்லை.

அவளுடைய சோதனை எளிமையானது. ஐந்து வயதுப் பிள்ளையை ஓர் அறையில் உட்காரவைப்பாள். மேசைமேல் ஒரு போஃப்ரோட், ஒரு மணி. "நான் வெளிய போறேன். நானா திரும்பி வர்ற வரைக்கும் தின்னாம இருந்தா உனக்கு ரெண்டு. முடியலைன்னா மணி அடி, உடனே வந்துடறேன். ஆனா இந்த ஒண்ணுதான்." காத்திருந்த பிள்ளைக்குத் தன்னடக்கம் உண்டு. மணியடித்த பிள்ளைக்கு இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் மணியடித்தார்கள். அவள் கதவைச் சாத்தி முடிப்பதற்குள் அடித்தவர்களும் உண்டு.

"ஒண்ணு பிள்ளைங்க சரியில்ல, இல்ல உன் சோதனை சரியில்ல," என்றார் ந்யார்க்கோ. "வெள்ளிக்கிழமை மூணு பேரும் கூடி முடிவு பண்ணுவோம். எனக்கென்னமோ மூடிட்டு வேற தலைப்பு எடுக்கறதுதான் நல்லதுன்னு படுது."

"பிள்ளைங்களையே ஏன்னு கேட்டா என்ன, ப்ரொஃப்?" என்றார் டூஃபோர்.

"அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட ஏன்னு கேட்டா, யானை வந்துச்சுன்னு சொல்லும். நீங்களும் 'யானையின் சமூகப் பொருள்'னு ஒரு கட்டுரை எழுதிடுவீங்க."

"எழுதினா உங்க கட்டுரையைவிட நாலு பேர் கூடுதலா படிப்பாங்க."

அஃப்ரியே என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தலைப்புக்கு என்கிட்ட தெம்பு இல்ல, ஆன்ட்டி. மூடினா நான் படிப்பை விட்டுடுவேன். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். இவங்க எல்லாம் என் தெருப் பிள்ளைங்க. அதுங்களுக்கு அடக்கமே இல்லைன்னு என் கையாலயே எழுதி வெச்சுட்டுப் போகணுமா?"

புள்ளியியலில் அதற்கு ஒரு சூத்திரமும் இல்லை.

4

[இங்கே ந்யார்க்கோவைப் பற்றி ஒரு சந்தேகம். முந்தைய வரைவில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். மீசைகூட வைத்தேன். ஆனால் வில்லன் யாரும் தன் வேர்க்கடலையில் பாதியை எனக்குத் தர மாட்டான். அந்த மீசையை எடுத்துவிட்டேன். ஸ்டாப்வாட்ச் மட்டும் கழுத்தில் தொங்கட்டும். அது நிஜம்.]

5

வியாழன் மதியம். நானும் அஃப்ரியேயும் ந்யார்க்கோவின் அறையைக் கடந்து போனோம். அவர் வாச்சே பொட்டலத்தை, அதாவது காராமணி சேர்த்து வேகவைத்த சோற்றை, பிரித்து, முட்டையை ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தார்.

"வாங்க, சாப்பிடலாம்."

"சாப்பிடுங்க ப்ரொஃப், நன்றி," என்றோம் நடந்துகொண்டே.

அஃப்ரியே சட்டென்று நின்றாள். "ஆன்ட்டி, அவர் இப்ப என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னார்."

"எப்பவும் சொல்றதுதானே?"

அவள் திரும்பி ஓடினாள். "ப்ரொஃப், பொட்டலம் பிரிச்சு எவ்ளோ நேரமாச்சு?"

"கொஞ்ச நேரம். யாராச்சும் வர்றாங்களான்னு பாத்தேன்."

"யாரையும் கூப்பிடாம முதல் வாய் வைக்க மாட்டீங்களா?"

"நான் என்ன ஆடா?"

சொன்னதும் அவருக்கே புரிந்தது. ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

சோதனை அறையில் பதிவு செய்திருந்த வீடியோக்களை எல்லாம் மறுபடி ஓடவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் மணியடித்து, அஃப்ரியே உள்ளே வந்ததும் போஃப்ரோட்டைக் காட்டிச் சொல்கிறது: "வாங்க, சாப்பிடலாம்." ஒரு பிள்ளைகூட அதுவரை அதைத் தொட்டிருக்கவில்லை. அவளோ விதிப்படி பதில் பேசாமல் 'காத்திருக்கவில்லை' என்று குறித்திருக்கிறாள். அந்த வார்த்தைகளைப் பேச்சாகவே யாரும் கேட்கவில்லை. 'காலை வணக்கம்' என்பதை யார் தரவில் சேர்ப்பார்கள்?

[ஊருக்குப் புதிதாக ஓர் ஆள் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்றார் டூஃபோர். அந்த வேலைக்கு நான் ஒருத்தி இருந்தேன். போயும் போயும் தமிழச்சியாக இருந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். என் காதிலும் விழவில்லை.]

6

வெள்ளிக்கிழமை. ந்யார்க்கோ மசிந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் மசியவில்லை, அதில் நியாயமும் இருந்தது.

"விடை தெரிஞ்சப்புறம் கேள்விய மாத்தறது களவு, அஃப்ரியே. பழைய கணக்கை இப்பத் திருத்த விட மாட்டேன். மணியை எடுத்துட்டு ஒரு பிள்ளைய உக்காரவை. யாரும் உள்ள போகக் கூடாது. கால் மணி நேரம் தின்னாம இருந்தா, புதுசா ஆரம்பிக்க நான் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா மூடிடலாம்."

"ஒரே ஒரு பிள்ளையை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, ப்ரொஃப்," என்றேன்.

"அகோசுவா, உன் பாடத்தை நீ வகுப்புல நடத்து."

வந்தவள் மான்ஸா. வீட்டில் மூன்றாவது பெண், இரண்டு பல் விழுந்த வாய். நாங்கள் நால்வரும் சோதனை அறையின் ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ந்யார்க்கோவின் வலது கையில், கழுத்திலிருந்து கழற்றிய ஸ்டாப்வாட்ச்.

மான்ஸா தட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "வாங்க, சாப்பிடலாம்." பதில் இல்லை. மணி எங்கே என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். குரலை உயர்த்தினாள். "வெளியில யாரு? வாங்க, சாப்பிடலாம்."

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் உதடு பிதுங்கியது. பசியால் அல்ல. கூப்பிட்டு ஒருவர்கூட 'நன்றி' சொல்லாத வீட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அஃப்ரியே என் கையை இறுக்கிப் பிடித்தாள். பாதி நேரம்கூட ஆகவில்லை. யாராவது உள்ளே போனால் சோதனை கெட்டது, அதோடு அவள் படிப்பும்.

7

முடிவு அ: யாரும் போகவில்லை. மான்ஸா அழுதுகொண்டே கால் மணி நேரம் காத்திருந்தாள். அஃப்ரியே வென்று... இதை என்னால் எழுத முடியாது.

முடிவு ஆ: யானை வந்தது.

முடிவு இ: கதவைத் திறந்தவள் அஃப்ரியே. ஆமாம், அவளேதான். "போகட்டும்" என்றாள், என் கையை விட்டாள், போனாள். "வந்துட்டேம்மா, வந்துட்டேன்." பின்னாலேயே டூஃபோர், அவருக்குப் பின்னால் நான். நான் முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை.

மான்ஸாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். விருந்தாளிகள்! டூஃபோர் பையிலிருந்த மிச்ச போஃப்ரோட்டையும் தட்டில் கொட்டினார். மான்ஸா முதல் உருண்டையை எனக்குக் கொடுத்தாள்.* கடைசியாக வாசலில் ந்யார்க்கோ. "உள்ள வாங்க தாத்தா," என்று நீட்டினாள். அவர் காலியாக இருந்த இடது கையை நீட்டினார். அவள் தன் கையை உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். "தாத்தா," என்றாள் கண்டிப்பாக, "அந்தக் கை இல்ல."

அவர் ஸ்டாப்வாட்சை மேசைமேல் வைத்துவிட்டு வலது கையால் வாங்கிக்கொண்டார். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மென்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சோதனை கெட்டுப்போச்சு. ஆராய்ச்சி கெடல. கூப்பிட ஆள் இருந்தா பிள்ளை எவ்ளோ நேரம் காத்திருக்கும், இல்லைன்னா எவ்ளோ நேரம்? ரெண்டு அறை போடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

அஃப்ரியே சிரித்தாள். நடைபாதை முழுக்கக் கேட்டது.

* ஆதாரம் போன வழி இதுதான்.

8

மான்ஸா எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பாள் என்பதற்கு எங்களிடம் எண் இல்லை. தரவுத்தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. ந்யார்க்கோ அதில் என்ன போடச் சொன்னார் என்று நான் சொல்லப்போவதில்லை. கதையையும் முடிக்கப்போவதில்லை. காரணம், தட்டில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லோரும் தின்ற பிறகும் மான்ஸா அதைத் தொட விடவில்லை. கண்ணாடிப் பக்கம் கை காட்டினாள்.

"அங்க இன்னும் யாரோ பாத்துட்டு இருக்காங்க."

அவள் காட்டியது உங்களைத்தான். இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். கூப்பிடுகிறாள், கேட்கிறதா? 'நன்றி, நீ சாப்பிடும்மா' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், தப்பில்லை. இல்லையென்றால் கை கழுவிவிட்டு வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.