ரெஜிஸ் திபோ காசு கொடுத்து வாங்கிய பாஸ்

"பனிச்சறுக்கு சீசன் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. அந்த மலையிலேயே பழியாக் கிடக்கறவராச்சே நீங்க" என்றார் வீட்டுக்காரரான பாஸ்டன்காரர்.

ரெஜிஸ் திபோ அப்போது அந்த வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலைக்கு முன்னால் மண்டி போட்டிருந்தார். அக்டோபர் பிறந்துவிட்டால் அந்த வட்டாரத்து உலை ரிப்பேர்காரருக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. கோடை முழுக்க யாருக்கும் ஞாபகம் வராத உலைகள், முதல் குளிர் அடித்த காலையில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் மக்கர் பண்ணும். விடுமுறை நாள் என்றாலும் அன்று இது அவருக்கு மூன்றாவது வீடு. இடது முழங்கால் முதல் வீட்டிலேயே கைவிட்டுவிட்டது.

"எத்தனை நாள் சறுக்க வருவீங்க?"

"பசங்க லீவு எல்லாம் சேர்த்து, ஒரு பத்து நாள்?"

"பத்துன்னு சொல்றவங்க அஞ்சு நாள்தான் வருவாங்க. ஏழு நாள் நிச்சயம்னா சீசன் பாஸ் வாங்குங்க. இல்லைன்னா வர்ற அன்னைக்கு டிக்கெட் எடுத்துக்குங்க. மழை நாளை மறந்துடாதீங்க. மழையில எவனும் சறுக்க மாட்டான். ஆனா அதுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருப்பான்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணணுமாமே. அப்புறம் விலை ஏறிடுமாம்."

"வருஷா வருஷம் ஏறும்."

பனி ஒரு பொட்டுகூட விழாமல் மலை பச்சைப் புல்லாகக் கிடக்கும்போதே காசை வாங்கிப் போட்டுக்கொள்வது அந்தத் தொழிலின் சாமர்த்தியம். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை மாலை ஐந்து மணி வரை ஒரு விலை. அதற்கப்புறம் வேறு விலை. அந்த ஒரு நாளைக்கு டன்னிங் மலை அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம் கூடும். ரெஜிஸ் முப்பத்தோரு வருஷமாக ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் இந்த ஏழு நாள் கணக்கைச் சொல்லிவந்திருக்கிறார். தனக்கென்று அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டதில்லை. மலை மீட்புப் படையில் சம்பளமில்லாமல் உழைப்பவர்களுக்குப் பாஸ் இலவசம். பெண்டாட்டிக்கும் இலவசம்.

இந்த வருஷம்தான் அது இல்லை. அந்த விஷயம் அவர் பெண்டாட்டி கோரினுக்கு இன்னும் தெரியாது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மார்ச்சிலும் சீசன் முடிந்த கையோடு படைக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அடிபட்டவர்களைக் கிடத்தி இறக்கும் சறுக்குவண்டியில் ஒரு ஆளைக் கட்டிப் படுக்கவைத்து, மலையின் செங்குத்தான சரிவில், வண்டியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் நின்று கீழே கொண்டுவர வேண்டும். முப்பது தடவை செய்தது. முப்பத்தோராவது தடவை பாதி வழியில் முழங்கால் மடங்கியது. வண்டி முதுகில் முட்டி உந்த, ரெஜிஸ் பனியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் கயிறு பிடித்தவன் சுதாரித்து நிறுத்தாவிட்டால் வண்டி மரத்தில் போய் மோதியிருக்கும். உள்ளே நோயாளி வேஷத்தில் படுத்திருந்த கல்லூரிப் பெண் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். விழுந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

படைத் தலைவி டார்லா நல்லவள். "இந்த வாரம் விட்டுடுங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவை இறக்கிப் பார்க்கலாம்" என்றாள்.

"அடுத்த வாரமும் இதே முழங்கால்தான் வரும், டார்லா."

படையின் சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வீட்டில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. ஜாக்கெட்டைத் துவைக்க வேண்டுமே, எங்கே என்று கோரின் ஏப்ரலில் கேட்டபோது, ஜிப் போய்விட்டது, மலையிலேயே தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். அந்த ஜிப்பை ஆறு மாதமாக யாரோ தைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பாஸ்டன்காரரின் உலையை உயிர்ப்பித்துவிட்டு, தன் வேலை வண்டியில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தபடி ரெஜிஸ் யோசித்தார். யோசிக்க அவரிடம் தெம்பு அதிகம் இருக்கவில்லை. அவருக்கு மலை வேண்டியிருக்கவில்லை, அதுதான் உண்மை. முப்பத்தோரு குளிர்காலம், ஒவ்வொரு சனியும் ஞாயிறும், இருட்டோடு எழுந்து கம்பு நட்டு, கயிறு கட்டி, கால் முறிந்தவர்களையும் தோள் மூட்டு நழுவியவர்களையும் இறக்கி இறக்கி அலுத்துவிட்டது. அந்தச் சிவப்பு ஜாக்கெட் இல்லாமல் அங்கே போய் நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. ஆனால் கோரினின் விஷயம் வேறு. அறுபத்தோரு வயதிலும் அவள் மலைக்குக் கிளம்பாத வாரம் கிடையாது. சும்மா கிடைப்பதை விடமாட்டாள் என்று அவருக்கு நினைப்பு. இனிமேல் காசு என்று தெரிந்தால், கறாரான மனுஷி, வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். கேட்காமலே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் சண்டை ஒரு நாளோடு போகும்.

ஒன்று வாங்கினார். அடிவாரக் கவுண்டரில் இருந்த பெண், கோரினின் பழைய படத்தையே போட்டு அட்டையை அச்சடித்து, உறையில் வைத்துக் கொடுத்தாள். நாற்பது நிமிஷம் ஓட்டி அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

கோரின் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசை பார்ப்பவள், அன்று லீவு. நிலவறையில் பழைய இஸ்திரிப் பெட்டியால் மெழுகை உருக்கிச் சறுக்குக் கட்டைகளில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய ஜோடியை முடித்துவிட்டு அவருடையதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் அதைக் கவனிக்காததுபோல் கிட்டே போனார். உறையை மேசைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"உன் பாஸ்."

"டிசம்பர்லதானே குடுப்பாங்க?"

"இந்தத் தடவை சீக்கிரமே குடுத்துட்டாங்க."

கோரின் உறைக்குள் விரலை விட்டாள். அட்டையோடு ஒட்டிக்கொண்டு ரசீதும் வந்தது. ரசீதைக் கிழித்துப் போட வேண்டும் என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லிப் பழகாதவர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள்.

"சும்மா குடுக்கறதுக்கு ரசீது எதுக்கு?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ரெஜிஸ், வாயைத் திற."

திறந்தார். சரிவு, முழங்கால், வண்டி, தோளைத் தட்டிய பெண், டார்லா, ஜாக்கெட், எல்லாம் வந்தது. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஏழு மாதம் தூக்கம் கெட்டது என்று அவருக்கே இருந்தது.

"மார்ச்லயிருந்தா?"

"ம்."

"ஆறு மாசமா ஜிப்பு தைச்சாங்களா?"

"ம்."

"அடப்பாவி! தினம் உன் எதிர்லதானேடா உட்கார்ந்து சாப்பிடறேன்!"

"வெட்கமா இருந்துச்சு, கோரின்."

"என்கிட்டயா வெட்கம்? நீ குளிக்கும்போது பாடறதையெல்லாம் சகிச்சுக்கிட்டவ நான்." இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். "சரி, உன்னோடது எங்கே?"

"என்னோடது எது?"

"பாஸ்."

"எனக்கு எதுக்கு? நான் அங்க போய் என்ன பண்ணுவேன்?"

"எல்லாரும் என்ன பண்றாங்க? சறுக்கறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்!"

ரெஜிஸ் படிக்கட்டில் உட்கார்ந்தார். "மூணு நாள் வந்தாலே அதிகம். ஊருக்கெல்லாம் ஏழு நாள்னு சொல்லிட்டு நான் மூணு நாளுக்கு வாங்கினா சிரிக்க மாட்டாங்களா? அதோட, எனக்குக் களைச்சுப்போச்சு, கோரின். மலையைப் பார்த்தாலே களைப்பா இருக்கு. நீ போ. உனக்குப் பிடிக்கும்."

கோரின் எதிரே இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். மெழுகுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு முப்பத்தோரு வருஷமா அந்த மலைக்கு வந்தேன்னு நினைக்கறே?"

"சும்மா கிடைக்குதேன்னு..."

மெழுகுத் துண்டு பறந்துவந்து அவர் மார்பில் பட்டது.

"சும்மா கிடைக்குதுன்னு எவளாவது பல்லு தந்தியடிக்கற குளிர்ல போய் நிப்பாளா? கோடாலி முண்டம்! நீ அங்க இருந்தே, அதனால வந்தேன். வாரம் பூரா எவன் வீட்டு உலைக்கடியிலேயாவது கிடப்பே. சனி, ஞாயிறு மலை. நான் எங்க வந்து உன்னைப் பார்க்கறது? மத்தியானம் சூப்பை வாங்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ வந்து ஒரு வாய் வைக்கறதுக்குள்ள உன்னைக் கூப்பிட்டு ரேடியோ கத்தும். போயிடுவே. உன் சூப்பையும் நானே குடிச்சுட்டு, யார் யாரோடயோ நாற்காலி லிஃப்ட்ல உட்கார்ந்து மேல போவேன்."

"நீ ஒண்ணும் சொன்னதே இல்லையே."

"என்னன்னு சொல்றது? அங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கிடக்கான், நீ என்கூட வந்து சறுக்குன்னா?" அவள் குரல் தணிந்தது. "ஒரே ஒரு தடவை, நீயும் நானும் சேர்ந்து உச்சியிலேயிருந்து அடிவாரம் வரைக்கும் வந்திருக்கோமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

ரெஜிஸ் யோசித்தார். எத்தனையோ குளிர்காலங்களைப் புரட்டிப் பார்த்தார். ஒன்று கிடைத்தது.

"வந்திருக்கோமே. ஒரு பிப்ரவரியில. நல்ல வெயிலு அன்னைக்கு."

"அது என் கால் ஒடிஞ்ச அன்னைக்கு, ரெஜிஸ். என்னை வண்டியில போட்டுக் கட்டி நீதான் இறக்கினே. நாம சேர்ந்து கீழ வந்தது அந்த ஒரு தடவைதான். அன்னைக்கும் நான் வானத்தைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். தலைமாட்டுல உன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு."

ரெஜிஸ் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களோடு அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறார். எத்தனையோ பேரின் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, வலி தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அத்தனை பேருக்கும் கிடைத்தது இவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டுமென்றால் எலும்பு முறிய வேண்டியிருந்திருக்கிறது. குனிந்து, கீழே கிடந்த மெழுகுத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மணி என்ன?" என்றாள் கோரின்.

"நாலாகப் போகுது."

"அஞ்சுக்கு மூடிடுவாங்க. கிளம்பு."

"முழங்கால்..."

"மெதுவா வா. நான் நின்னு கூட்டிட்டு வரேன்."

"ஒரு நாள்தான் வர முடிஞ்சா? ஒரு நாளுக்கு சீசன் பாஸ் எவனும் வாங்க மாட்டான், கோரின். அன்னைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாப் போதும்."

"டிக்கெட்டுன்னா, இந்த வாரம் முடியல அடுத்த வாரம் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே போவே. எனக்குத் தெரியாதா உன்னை? பாஸா வாங்கு. எழுந்திரு."

எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். எண்ணெய் நாற்றமடிக்கும் வேலை வண்டியிலேயே போனார்கள். கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. அதை வளர்க்கத் தெம்பும் இல்லை. பாதித் தூரத்தில் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கவுண்டரில் கடைசி நேரக் கூட்டம். ரெஜிஸின் முறை வந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது. மத்தியானம் இருந்த அதே பெண்தான்.

"மறுபடியும் வந்துட்டீங்களா! இன்னொண்ணா? யாருக்கு?"

"எனக்கு. ரெஜிஸ் திபோ."

அவள் கணினியில் தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். "இதுல மீட்புப் படைன்னு இருக்கே. உங்களுக்குத்தான் இலவசமாச்சே! எதுக்குக் காசு கட்டறீங்க?"

உள்ளூர்க்காரர்களுக்குக் காது கூர்மை. பின்னால் வரிசையில் பேச்சு நின்றது. ரெஜிஸுக்குத் தெரிந்த முகங்கள் அதில் நாலைந்தாவது இருந்தன. ஒருவனை அவரே இரண்டு வருஷம் முன்னால் கட்டி இறக்கியிருக்கிறார். ஏதோ பதிவில் தப்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். கோரினைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படையில இல்லம்மா இப்போ. மார்ச் மாசச் சோதனையில தோத்துட்டேன்." எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "அந்தப் பாஸ்ல வேலைதான் பார்க்க முடிஞ்சுது. இது இவகூட மேலேயிருந்து கீழ வர்றதுக்கு. அதுக்குக் காசு கட்ட வேண்டியதுதான்."

அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ புதுப் படம் எடுக்கணும். தொப்பியைக் கழட்டிட்டு இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

அவருக்குச் சிரிக்க வரவில்லை. கண் கலங்கிவிட்டது. பெண் அதைக் கவனிக்காமல் எடுத்தும்விட்டாள். அப்புறம் திரையைப் பார்த்துவிட்டு, வேறே எடுக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம்மா, அதுவே இருக்கட்டும்" என்று சொல்லி கோரின் பர்ஸைத் திறந்தாள்.