கடிகாரத்தை மறைத்த எடிட்டர்

கண்காட்சிக் கூடத்துக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்ததாக அக்காவிடம் வாய்விட்டதுதான் தையல்காரம்மா செய்த தப்பு. "நீ தைச்சதை நான் பாக்காமலா?" என்று, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பள்ளிக்கூட வேனைக் கூடத்து வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள் அக்கா. அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டாள்.

திரை தைத்தது உண்மைதான். அந்தத் திரைக்குள்ளே ஓடுகிற வீடியோவில் தானும் இருப்பதைத்தான் தையல்காரம்மா சொல்லவில்லை. எச்.ஐ.வி. இருப்பதையே சொல்லாதவள் அதை எங்கே சொல்வது? புருஷன் போனதிலிருந்து அக்காவோடுதான் வாசம். ஒரே அறை, ஒரே அலமாரி. தினம் போடுகிற மாத்திரைக்குச் சத்து மாத்திரை என்று பேர் வைத்துப் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டியாயிற்று. ஆரம்பத்திலேயே ஒருநாள் டி.வி.யில் அந்த நோயைப் பற்றிப் பேசினார்கள். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு சேனலை மாற்றினாள். அந்தச் சுளிப்பு தன் பக்கம் திரும்பினால் போக்கிடம் ஏது என்ற பயம் இவளுக்கு.

நோயோடும் உடல் குறையோடும் வாழ்கிறவர்களைப் பற்றிய அந்தக் கண்காட்சி வீடியோ, எடிட்டரின் யோசனை. கல்யாண வீடியோதான் அவருக்குப் பிழைப்பு. உட்கார்ந்திருப்பது சக்கர நாற்காலியில். வாய் மட்டும் ஓர் இடத்தில் நிற்காது. மூன்று சுவர், மூன்று படம் என்று திட்டம் போட்டார். முதல் சுவரில், அவர் நாற்காலி உயரத்திலிருந்து எடுத்த கடைத்தெரு: பெல்ட்டும் பையும் தொப்பையுமாக இடுப்புகளின் ஊர்வலம். அடுத்ததில் ஒரு பேக்கரிக்காரர் கேக்குக்குக் க்ரீம் தடவுகிற நடுவில் விரலைக் குத்தித் தன் சர்க்கரையைப் பார்ப்பார். மூன்றாவது சுவர் தையல்காரம்மாவுக்கு.

"முகத்தை மங்கலாக்கிடறேன், குரலையும் மாத்திடறேன். பெத்தவங்களே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று சத்தியம் பண்ணியிருந்தார் எடிட்டர்.

விளக்கை அணைத்தார்கள். மூன்றாவது சுவரில் முகம் மங்கிய ஒரு பெண் வந்து நின்றாள். தண்ணீர் எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது, மூக்குக்கண்ணாடியும் நெற்றித் தழும்புமாகப் பளிச்சென்று தையல்காரம்மா. அவள் குனிந்த நேரத்தில், முகத்தைத் தேடித் தானாக நகர்கிற அந்த மங்கல் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்துக்குத் தாவி, அதையே முகமென்று நம்பி அங்கேயே தங்கிவிட்டது. வேறொரு கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்க, எடிட்டர் ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று மூடிவிட்டிருந்தார்.

"எச்.ஐ.வி. பன்னெண்டு வருஷமா எங்கூட குடியிருக்கு" என்றாள் சுவரிலிருந்த தையல்காரம்மா, எடிட்டர் மாற்றிவைத்த பட்டாளத்துக்காரர் குரலில். "வீடு பெருக்கக்கூட ஒத்தாசை பண்ணாது. தினம் ஒரு மாத்திரையைக் காட்டினா, மூலையில சத்தமில்லாம கிடக்கும்."

கூடம் கொல்லென்று சிரித்தது. நிஜத் தையல்காரம்மா, தான் தைத்த திரைக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டாள்.

படம் முடிந்து மறுபடி ஓடியது. அக்கா மறுபடியும் முழுசாகப் பார்த்தாள். அப்புறம் வந்து திரையை விலக்கினாள்.

"ஏண்டி சொல்லல?"

"டி.வி.யில இதைச் சொன்னப்போ நீ மூஞ்சியைச் சுளிச்சே."

"எப்போ? எப்படிச் சுளிச்சேன்?"

தையல்காரம்மா சுளித்துக் காட்டினாள். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த முகம், அச்சாக வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் ஹாரன் மாதிரி இருக்கும் அவள் குரல் அன்றைக்குத் தணிந்து வந்தது.

"எனக்கு ஞாபகம்கூட இல்லியேடி. நான் ஒரு நிமிஷம் வச்ச மூஞ்சியை நீ இத்தனை வருஷம் தனியா சுமந்தியா?"

தையல்காரம்மா உடைந்து அழுதாள். அக்கா இழுத்து அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். திடீரென்று விலகி, கண்ணைத் துடைத்தாள்.

"அடியே, ஒருநாள் அசதியா இருக்குன்னு உன் சத்து மாத்திரையில ஒண்ணை எடுத்து நானும் போட்டுக்கிட்டேனே!"

"அடிப் பாவி! மாத்திரையை எண்ணிப் பாத்துட்டு, ஒண்ணு குறையுதுன்னு கிளினிக்ல என்னைக் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க!"

அழுகையோடு சிரிப்பும் வந்து இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. எடிட்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டெய்லரம்மா, மன்னிச்சிடுங்க. படத்தை நிறுத்தச் சொல்லிட்டேன். நாளைக்குள்ள உங்க முகத்தை மறைச்சிடறேன்."

அக்கா, உன் இஷ்டம் என்பதுபோலத் தங்கையைப் பார்த்தாள்.

"மறைச்சிடுங்க தம்பி" என்றாள் தையல்காரம்மா. "ஊருக்கெல்லாம் காட்டுற தைரியம் இன்னும் வரல. பாக்க வேண்டியவ பாத்துட்டா."